சேப்பாக்கமும் சிற்றூரும்

கடலூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், வெள்ளாறு பாயும் நிலத்தில், பெண்ணாடம் என்னும் பழம்பதி அமைந்துள்ளது. தேவாரப் பாடல் பெற்ற இவ்வூர்க் கோயிலுக்குத் தூங்கானைமாடம் என்பது பழம்பெயர். கருவறையின் பின்புறம் உறங்கும் யானையின் முதுகினைப்போல் வளைந்திருத்தலின் அப்பெயர் வந்தது என்பர். சைவ சித்தாந்தத்திற்கு முதல்நூல் தந்த மெய்கண்டாரின் வரலாற்றோடும் இவ்வூர் இணைத்துப் பேசப்படும். ஊரைச் சுற்றி நெல்லும் கரும்பும் விளையும் வயல்கள் பரந்து கிடக்கின்றன. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் புகைவண்டி இவ்வழியே ஓடுகின்றது. அறுவடை முடிந்த நாட்களில் அவ்வண்டியின் சாளரத்தருகே அமர்ந்து செல்வோர், பெண்ணாடத்திற்கு முன்னும் பின்னும் ஒரு காட்சியைத் தவறாமல் காண்பர். தாள் அறுக்கப்பட்ட வயலிலும், நீர் வற்றிய ஏரியின் உள்வாயிலும் சிறுவர்கள் குழுக்குழுவாக நின்று பந்தாடுவர். ஒருவன் பந்தினை எறிய, மற்றொருவன் மட்டையால் அடிக்க, ஏனையோர் வெயிலைப் பாராது ஓடுவர்.

அவர்கள் ஆடுவது சடுகுடு அன்று, கிட்டிப்புள்ளும் அன்று. ஐயாயிரம் கல்லுக்கு அப்பாலுள்ள இங்கிலாந்தின் புல்வெளிகளிற் பிறந்த கிரிக்கெட்டு ஆட்டமே அது. நூறு ஆண்டுகட்கு முன் இப்பகுதியின் சிற்றூர்களில் அதன் பெயரை அறிந்தாரும் அரியர். சென்னை மாநகரிற்கூட அது சிலர்க்கே உரிய ஆட்டமாக இருந்தது. அவ்வாறு இருந்த ஒன்று கரும்புக் கொல்லையின் வரப்பு வரை வந்து சேர்ந்தது எங்ஙனம்? அந்த வரவின் வரலாறு, விளையாடுவதற்கு ஓர் இடம் வேண்டுமென்று தலைமுறை தலைமுறையாக மக்கள் முயன்ற வரலாறாகும்.

இந்திய மண்ணிற் கிரிக்கெட்டு ஆடப்பட்டதற்கு முதற் குறிப்பு 1721ஆம் ஆண்டைச் சார்ந்தது. மேலைக் கடற்கரையிலுள்ள காம்பே என்னும் துறைமுகத்தில், கரையேறிய ஆங்கில மாலுமிகள் பொழுதுபோக்காக இதனை ஆடினர். அதன்பின் கப்பலும் படையும் சென்ற இடமெல்லாம் ஆட்டமும் சென்றது. ஆங்கிலக் கொடி பறவாத இடத்தில் அதற்கும் இடமில்லை. கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலேயர் 1690ஆம் ஆண்டிலேயே கோட்டையைப் பெற்றுவிட்டனர். அதற்குச் சிறிது வடக்கேயுள்ள புதுச்சேரியோ பிரெஞ்சுக்காரரின் ஊர். அங்கே இரும்புக் குண்டுகளை உருட்டி ஆடும் பெத்தாங்கு என்னும் ஆட்டம் வேர்கொண்டது, கிரிக்கெட்டு வேர்கொள்ளவில்லை. ஒரு பகற்பொழுதில் நடந்து கடக்கத்தக்க தொலைவிற்குள் விளையாட்டு வேறு, மொழி வேறு, ஆட்சி வேறு என்று இருந்த காலம் அது. அந்தப் புதுச்சேரியும் 2018ஆம் ஆண்டு முதல் ரஞ்சிக் கோப்பைப் போட்டியில் தனக்கென ஓர் அணியை நிறுத்திவருகின்றது.

சென்னையில் ஆங்கிலேயர் 1846ஆம் ஆண்டு சென்னைக் கிரிக்கெட்டுக் கழகத்தை நிறுவினர். 1860களில் அக்கழகத்திற்குச் சேப்பாக்கத்தில் நிலம் கிடைத்தது. மரநிழல் சூழ்ந்த பசும்புல் வெளியும் அழகிய மாடமும் அங்கே எழுந்தன. ஆனால் அம்மாடம் வெள்ளையர்க்கே உரியது. இந்தியர் அங்கு ஆட அழைக்கப்பட்டாலும், உடை மாற்றுவதும் உண்பதும் வெளியே மரத்தடியில்தான். களத்தில் எதிரெதிரே நின்று ஆடுவோர், உணவு வேளையில் ஒரு கூரையின்கீழ் அமரலாகாது என்பது அக்காலத்து முறை.

இம்முறை கண்டு உள்ளம் கொதித்தவர்களுள் ஒருவர் புச்சிபாபு நாயுடு. 1868ஆம் ஆண்டிற் பிறந்த இவருடைய இயற்பெயர் வெங்கட மகிபதி நாயுடு. ஆங்கில வணிக நிறுவனத்தில் துபாஷியாக இருந்து பெருஞ்செல்வம் ஈட்டிய குடும்பம் இவருடையது. மயிலாப்பூரை அடுத்த இலசு பகுதியில் பெரிய வளமனையில் வளர்ந்தார். இவர் நினைத்திருந்தால் வெள்ளையருக்கு வேண்டியவராக வாழ்ந்து, தமக்கு மட்டும் ஒரு நாற்காலியைப் பெற்றுக்கொண்டிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் 1888ஆம் ஆண்டு இந்தியர்களுக்கென்று சென்னை ஐக்கியக் கழகத்தைத் தொடங்கினார். கோட்டைக்கு அருகிலிருந்த எஸ்பிளனேடு வெளியில் அதற்கென ஒரு களத்தை உண்டாக்கினார். இளைஞர்களைத் தேடிக் கண்டார். அவர்களுக்கு மட்டையும் பந்தும் உடையும் தம் செலவிலேயே கொடுத்தார். ஆட்டத்தின் நுணுக்கங்களையும் தாமே அருகிருந்து பயிற்றினார்.

வெள்ளையரை ஒதுக்கிவிட்டுத் தனியே ஆடுவது அவர் நோக்கமன்று. அவர்களோடு சமமாக நின்று ஆடவேண்டும், அதுவும் சேப்பாக்கத்திலேயே ஆடவேண்டும் என்பதே அவர் விழைவு. அதற்கெனப் பலகாலும் முயன்றார். இந்தியருக்கும் ஐரோப்பியருக்கும் ஆட்டம் ஏற்பாடாகியிருந்த வேளையில், 1908ஆம் ஆண்டு, நாற்பது வயதிலேயே அவர் மறைந்தார். அவர் எண்ணிய ஆட்டம் 1915–16ஆம் பருவம் முதல் ஆண்டுதோறும் நடக்கலாயிற்று. பொங்கல் திருநாளை ஒட்டி நடந்தமையால் மக்கள் அதனைப் பொங்கல் ஆட்டம் என்றே வழங்கினர். கரும்பும் மஞ்சளும் வாங்கக் கடைத்தெருவிற்குச் சென்றவர்கள் சேப்பாக்கத்தின் வேலியோரம் நின்று, நம்மவர் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் ஆரவாரித்த காலம் இதனால் பிறந்தது. புச்சிபாபுவின் மைந்தருள் ஒருவராகிய இராமசாமி டென்னிசில் இந்தியாவின் சார்பாக 1922ஆம் ஆண்டு டேவிசுக் கோப்பையில் ஆடினார். பின்னர் 1936ஆம் ஆண்டு, தம் நாற்பதாம் வயதில், மான்செஸ்டரில் டெஸ்டு ஆட்டத்திலும் இறங்கி 40, 60 என்று ஓட்டங்கள் எடுத்தார். தந்தை மறைந்த வயதில் மகன் உலக அரங்கில் முதன்முதலாக மட்டை பிடித்தார் என்பது எண்ணத்தக்கது.

வெள்ளையர் இட்ட வேலி ஒன்றுதான் அந்நாளில் இருந்தது என்று கருதுதல் பிழையாகும். நம்மவர் நம்மவர்க்கே இட்ட வேலியும் இருந்தது. புனே நகரில் பல்வங்கர் பாலு என்பவர் ஐரோப்பியர் கழகத்தில் புல்வெளியைச் சீர்செய்யும் பணியாளராக இருந்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பிற் பிறந்தவர். வெள்ளையர் பயிற்சி பெறுவதற்காக மணிக்கணக்கில் பந்து வீசுவது அவர் வேலை. மட்டையைத் தொட அவருக்கு வாய்ப்பளிப்பார் இல்லை. அவருடைய சுழற்பந்தின் திறமறிந்து இந்துக்களின் அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் களத்தில் அவர் கைப்பந்தை வாங்கி எறிந்தவர்கள், தேநீர் வேளையில் அவருக்கு வெளியே தனியாக மண்குவளையில் ஊற்றினர். 1911ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்ற இந்திய அணியில் அவர் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தித் திரும்பினார். அப்போதும் அவரை அணித்தலைவராக்க உயர்ந்தோர் எனப்பட்டார்க்கு மனம் வரவில்லை. அவர் தம்பி விட்டல் 1923ஆம் ஆண்டு அப்பதவியைப் பெற்றார். அண்ணனுக்கு மறுத்ததைத் தம்பிக்குத் தருவதற்கு அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன.

மீண்டும் சென்னைக்கு வருவோம். 1934ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 4ஆம் நாள், பின்னாளில் ரஞ்சிக் கோப்பை என்று புகழ்பெற்ற நாட்டுப் போட்டியின் முதல் ஆட்டம் சேப்பாக்கத்தில் தொடங்கியது. சென்னையும் மைசூரும் மோதின. மைசூர் 48 ஓட்டங்களிற் சுருண்டது. சென்னை 130 எடுத்தது. மைசூர் மறுமுறையும் 59க்குமேல் செல்லவில்லை. பல நாள் நடக்கவேண்டிய ஆட்டம் ஒரே நாளில் முடிந்தது. சென்னையில் வாழ்ந்த சீக்கியக் குடும்பத்தைச் சேர்ந்த இராம்சிங், தம் இடக்கைச் சுழற்பந்தால் 35 ஓட்டங்களே கொடுத்துப் பதினொருவரை வீழ்த்தினார். பஞ்சாபைப் பூர்விகமாகக் கொண்ட இவர் சென்னைக்கே உரியவராகி, பின்னாளிற் பல இளைஞர்களுக்கு ஆசானாக விளங்கினார். இவர் மைந்தர் கிருபால்சிங், மில்காசிங் இருவரும் இந்தியாவின் சார்பில் டெஸ்டு ஆடினர். தந்தைக்கோ அவ்வாய்ப்புக் கிட்டவேயில்லை.

அந்த முதல் ஆட்டத்தின் முதற்பந்தை வீசியவர் எம். ஜே. கோபாலன். செங்கற்பட்டு மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றிற் பிறந்தவர். இவருடைய வாழ்வில் வந்த ஓர் இக்கட்டு மாணவர்கள் அறியத்தக்கது. கோபாலன் கிரிக்கெட்டு மட்டுமன்றி வளைகோற் பந்தாட்டத்திலும் வல்லவர். 1935ஆம் ஆண்டு தியான்சந்தோடு நியூசிலாந்து சென்று ஆடிவந்தார். மறுஆண்டு பெர்லின் நகரில் ஒலிம்பிக்கு விழா. வளைகோல் அணியில் அவர் இடம்பெறுவது ஏறத்தாழ உறுதி. அதே கோடையில் கிரிக்கெட்டு அணி இங்கிலாந்து செல்ல இருந்தது. அதற்கும் அவர் அழைக்கப்பட்டார். ஒருவர் ஒரே வேளையில் இரண்டு கப்பலில் ஏற இயலாது. கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தார். வளைகோல் அணி பெர்லினில் பொற்பதக்கம் வென்றது. இங்கிலாந்து சென்ற கோபாலனுக்கு ஒரு டெஸ்டிலும் ஆட இடங்கிடைக்கவில்லை. 1934ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஆடிய ஒன்றே அவருடைய டெஸ்டுக் கணக்கு. ஆயினும் அவர் அத்தேர்வை எண்ணிக் கசந்து ஒதுங்கியவரல்லர். சென்னைக் கிரிக்கெட்டுக்கே வாழ்நாள் முழுதும் தொண்டாற்றி, 2003ஆம் ஆண்டு, தொண்ணூறு வயது கடந்து மறைந்தார்.

அவர் பெயராலேயே 1950களில் சென்னைக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பைப் போட்டி தொடங்கியது. அன்று இலங்கை டெஸ்டு ஆடும் உரிமை பெறாத நாடு. பாக்கு நீரிணையைக் கடந்து வந்து சென்னையோடு ஆடிய ஆட்டங்கள் அந்நாட்டு வீரர்களுக்கு நல்ல பயிற்சிக் களமாயின. அதற்கு முன்னரே, 1947ஆம் ஆண்டு, இலங்கைத் தமிழரான மகாதேவன் சதாசிவம் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்துச் சென்னையினரை வியப்பில் ஆழ்த்தியிருந்தார். இலங்கை 1981ஆம் ஆண்டு முழு உரிமை பெற்று, 1982ஆம் ஆண்டு முதல் டெஸ்டை ஆடியது. கண்டியிற் பிறந்த தமிழரான முத்தையா முரளிதரன் 2010ஆம் ஆண்டு காலி நகரில் 800ஆவது விக்கெட்டை வீழ்த்தி ஓய்வுபெற்றார். அந்த எண்ணிக்கையை டெஸ்டில் எட்டியவர் வேறெவரும் இலர்.

1952ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்கள் 10ஆம் நாள் சேப்பாக்கத்தின் வரலாற்றிற் சிறந்த நாள். இந்தியா டெஸ்டு ஆடத் தொடங்கி இருபது ஆண்டுகள் ஆகியும் ஒரு வெற்றியும் பெற்றதில்லை. அன்று இங்கிலாந்தை ஓர் இன்னிங்சும் 8 ஓட்டங்களும் என்ற கணக்கில் வென்றது. வினு மன்கட் பன்னிருவரை வீழ்த்தினார். பங்கஜ் ராயும் உம்ரிகரும் நூறு கடந்தனர். இந்தியர் மரத்தடியில் உணவுண்ட அதே வெளியில் நாட்டின் முதல் வெற்றி கிடைத்தது. வெள்ளையரும் இந்தியரும் மோதிய பொங்கல் ஆட்டமும் அந்தப் பருவத்தோடு முடிவுற்றது. நாடு உரிமை பெற்றபின் அத்தகைய மோதலுக்குப் பொருள் இல்லாமற் போயிற்று.

எனினும், இதுகாறும் கூறியவையெல்லாம் பெரும்பாலும் சென்னையின் கதையே. கல்லூரியில் பயின்றோரும், வங்கிகளிலும் வணிக நிறுவனங்களிலும் பணியாற்றியோரும் ஆடிய ஆட்டமாகவே அது நெடுங்காலம் இருந்தது. சிற்றூருக்கு அதனை முதலிற் கொண்டுசென்றது வானொலி. தமிழில் நேர்முக வருணனை வந்தபின், சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றோரின் குரல் வழியாக, மட்டையையே காணாதவர்களும் களத்தைக் கண்முன் கண்டனர். தேநீர்க் கடை வாயிலிலும் நூலகத் திண்ணையிலும் கூட்டம் கூடிற்று. 1983ஆம் ஆண்டு இந்தியா உலகக் கோப்பையை வென்றபோது, இறுதியாட்டத்தில் இரு அணியினரிலும் மிகுதியாக 38 ஓட்டங்கள் எடுத்தவர் சென்னையின் ஸ்ரீகாந்த். தொடர்ந்து தொலைக்காட்சியும் ஊர்தோறும் வந்தது. அதன்பின் ஆட்டத்தைத் தடுப்பார் எவருமில்லை. ஆடுவதற்குப் பொருளும் களமும்தான் இல்லை.

முறையான கிரிக்கெட்டுக்குரிய தோற்பந்தின் எடை ஏறத்தாழ 160 கிராம். கல்லைப்போற் கடினமானது. அதனை எதிர்கொள்ளக் காலுறைக் காப்பும், கையுறையும், தலைக்கவசமும் வேண்டும். பந்து சீராக எழும்பக் களிமண்ணிட்டு, நீர்பாய்ச்சி, உருளையால் அழுத்திய ஆடுகளம் வேண்டும். கூலிவேலை செய்யும் பெற்றோரின் பிள்ளை இவற்றுக்கு எங்கே போவான்? அவன் கண்ட வழி டென்னிசுப் பந்து. எடை 58 கிராம் அளவே. மேலே பட்டாலும் பெருங்கேடு இல்லை. பத்துப் பேர் காசு சேர்த்தால் ஒரு பந்து வாங்கலாம். கருவேல மரத்துக் குச்சி மூன்று நட்டால் விக்கெட்டு ஆயிற்று. தென்னை மட்டையின் அடிப்பாகத்தைச் செதுக்கினால் அடிக்கும் கருவியாயிற்று. பனைக்கும் தென்னைக்கும் உரிய ‘மட்டை’ என்னும் சொல்லே இவ்வாட்டத்தின் கருவிக்கும் பெயராகி நிலைத்திருப்பது எவ்வளவு பொருத்தம்!

சட்டங்களையும் அவர்கள் இடத்திற்கேற்ப வகுத்துக்கொண்டனர். பந்து ஒருமுறை தரையிற்பட்டபின் ஒற்றைக் கையாற் பிடித்தாலும் அடித்தவன் ஆட்டம் இழப்பான். முட்காட்டுக்குள் அடித்தவனே முள்ளுக்குள் நுழைந்து பந்தை மீட்கவேண்டும். மட்டை யாருடையதோ அவனே முதலில் ஆடுவான் என்பது எழுதப்படாத சட்டம். அதன்மீது எழுந்த பூசல்களுக்கு அளவில்லை. பொங்கல் விடுமுறையில் ஊர் இளைஞர்கள் கூடிப் போட்டி நடத்துவர். நுழைவுக் கட்டணம் வாங்குவர், ஒலிபெருக்கி கட்டுவர், வென்ற அணிக்குக் கோப்பையும் பரிசுத் தொகையும் தருவர். சேப்பாக்கத்தில் ஒழிந்துபோன பொங்கல் ஆட்டம் இவ்வாறு ஆயிரம் ஊர்களிற் புத்துயிர் பெற்றது.

இந்த வயல்வெளி ஆட்டத்திலிருந்து பெரிய அரங்கிற்குப் புதிய நுட்பங்களும் சென்றன. டென்னிசுப் பந்தில் தோற்பந்தைப்போல் தையல் மேடு இல்லை. அதனைத் திருப்ப வேண்டுமானால் விரல்களே துணை. நடுவிரலால் பந்தைச் சுண்டிவிடும் வீச்சைச் சென்னைத் தெருக்களிற் சொடக்குப் பந்து என்பர். தெருவாட்டத்தில் அதனைக் கற்ற அசுவின், டெஸ்டு ஆட்டங்களில் அதனை வீசி உலகின் தேர்ந்த மட்டையாளர்களைத் திகைக்கச் செய்தார். 2024ஆம் ஆண்டு ஓய்வுபெறும்போது அவர் டெஸ்டில் வீழ்த்திய விக்கெட்டுகள் 537.

களமின்றிக் கற்றவர்கள் வெற்றிபெறுதல் தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. ஆப்கானிசுத்தானத்தில் 1980களில் போர் மூண்டபோது பல்லாயிரம் குடும்பங்கள் பாக்கிசுத்தானத்தின் பெசாவர்ப் பகுதியில் அகதிகளாய்த் தங்கின. முகாமின் புழுதியில், நாடா சுற்றிய டென்னிசுப் பந்தால் அவர்தம் பிள்ளைகள் கிரிக்கெட்டைக் கற்றனர். தாயகம் திரும்பியபோது ஆட்டத்தையும் உடன் கொண்டுசென்றனர். 1995ஆம் ஆண்டு கழகம் ஒன்றை நிறுவினர். கிரிக்கெட்டு நாடு என்று எவரும் எண்ணாத அந்நாடு 2018ஆம் ஆண்டு பெங்களூரில் இந்தியாவோடு தன் முதல் டெஸ்டை ஆடி, இரண்டே நாளில் தோற்றது. உள்நாட்டில் அமைதியின்மையால் நொய்டா, டேராடூன், இலக்னோ ஆகிய இந்திய நகரங்களின் களங்களையே தன் களங்களாகக் கொண்டு ஆடியது. 2023ஆம் ஆண்டு உலகக் கோப்பையில், அக்டோபர்த் திங்கள் 23ஆம் நாள், அவ்வணி பாக்கிசுத்தானை எட்டு விக்கெட்டுகளால் வென்றது. வென்ற இடம் சேப்பாக்கம். ஆட்டம் முடிந்ததும் ஆப்கானிய வீரர் களத்தைச் சுற்றிவர, சென்னை மக்கள் எழுந்துநின்று வாழ்த்தினர். இதே மக்கள் 1999ஆம் ஆண்டு இந்தியாவை வென்ற பாக்கிசுத்தான் அணியையும் எழுந்துநின்று வாழ்த்தியவர்கள் அன்றோ? வெளியே நிறுத்தப்பட்டோர் நினைவு இருக்கும் மண்ணில் விருந்தினரை மதிக்கும் பண்பு வளர்தல் வியப்பன்று.

தமிழ்நாட்டுச் சிற்றூரிலிருந்து இந்திய அணிவரை சென்றவர்களுள் நடராசன் கதை விரித்துரைக்கத் தக்கது. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி அவர் ஊர். தந்தை விசைத்தறித் தொழிலாளி; தாய் சாலையோரத்தில் கடை வைத்துக் கோழியிறைச்சி விற்றவர். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர் நடராசன். இருபது வயதுவரை அவர் ஆடியது டென்னிசுப் பந்திலேயே. ஊர்ப் போட்டிகளில் மட்டையாளர் ஒவ்வொரு பந்தையும் வானில் தூக்கவே முயல்வர். நடுவில் விழும் பந்து எல்லைக்கு அப்பாற் பறக்கும். அடிப்பவனுடைய காலடியிலேயே விழுமாறு வீசும் யார்க்கர் பந்து ஒன்றுக்கே அவர்கள் அஞ்சுவர். ஆதலின் நடராசன் அதனையே நாளும் வீசிப் பழகினார். பயன் கருதிச் செய்த பயிற்சி அன்று அது; ஆட்டத்தில் நிலைத்திருக்க வேறு வழியில்லாமையால் வந்த தேர்ச்சி.

அவ்வூரைச் சேர்ந்த செயப்பிரகாசு என்பவர் அவர் திறமையைக் கண்டு சென்னைக்கு அழைத்துச் சென்றார். கழக ஆட்டங்களின் கீழ்ப்பிரிவில் தொடங்கி, 2015ஆம் ஆண்டு தமிழ்நாட்டு அணியில் இடம்பெற்றார். உடனே ஓர் இடர் வந்தது. அவர் பந்து வீசும் முறை விதிக்கு மாறானதோ என்ற ஐயம் எழுந்தது. பலர் அந்நிலையில் ஊர் திரும்பியிருப்பர். நடராசன் தம் கையசைவை முதலிலிருந்து மாற்றிப் பழகினார். 2016ஆம் ஆண்டு தமிழ்நாடு பிரிமியர் லீக் போட்டி தொடங்கியது. சேப்பாக்கத்தோடு நில்லாமல் திண்டுக்கல்லை அடுத்த நத்தத்திலும் திருநெல்வேலியிலும் ஆட்டங்கள் நடந்தன. திண்டுக்கல் அணியில் ஆடிய நடராசனின் யார்க்கர்களைத் தொலைக்காட்சியில் நாடே கண்டது. மறுஆண்டு ஐ.பி.எல். ஏலத்தில் 10 இலட்ச ரூபாய் அடிப்படை விலையில் இருந்த அவரை, பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது.

2020ஆம் ஆண்டின் இறுதியில், பயிற்சியில் பந்து வீசும் துணைவீரராகவே அவர் ஆத்திரேலியா சென்றார். பிறர் காயமுற்றபோது வாய்ப்பு வந்தது. டிசம்பர் 2ஆம் நாள் ஒருநாள் ஆட்டம், 4ஆம் நாள் இருபது ஓவர் ஆட்டம், 2021 சனவரி 15ஆம் நாள் பிரிசுபேனில் டெஸ்டு என மூன்று வகை ஆட்டங்களிலும் ஒரே பயணத்தில் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். பிரிசுபேன் களத்தில் ஆத்திரேலியர் 1988ஆம் ஆண்டிற்குப்பின் தோற்றதே இல்லை. இந்தியா அங்கே மூன்று விக்கெட்டுகளால் வென்றது. முதல் இன்னிங்சில் நடராசன் மூவரை வீழ்த்தினார்.

அதே டெஸ்டில் அறிமுகமான மற்றொருவர் சென்னையின் வாசிங்டன் சுந்தர். முதல் இன்னிங்சில் 62 ஓட்டங்கள் எடுத்ததோடு மூன்று விக்கெட்டுகளையும் வீழ்த்தினார். அவர் பெயரைக் கேட்டு அமெரிக்கத் தலைவரை நினைப்போர் பலர். அவர் தந்தை இளமையில் திருவல்லிக்கேணியில் வறுமையோடு கிரிக்கெட்டு ஆடிவந்தார். அப்பகுதியில் வாழ்ந்த பி. டி. வாசிங்டன் என்னும் ஓய்வுபெற்ற படைவீரர் அவருக்குப் பள்ளிக் கட்டணம் கட்டினார். சீருடை வாங்கித் தந்தார். மிதிவண்டியில் ஏற்றிக் களத்திற்கு அழைத்துச் சென்றார். அப்பெரியார் 1999ஆம் ஆண்டு மறைந்தார். அவ்வாண்டே பிறந்த மகனுக்குத் தந்தை அவர் பெயரைச் சூட்டினார். புச்சிபாபு செல்வத்தாற் செய்ததை இவர் ஒரு மிதிவண்டியாற் செய்தார்.

பெண்களுக்கு இவ்வாட்டம் இன்னும் காலந்தாழ்ந்தே திறந்தது. நாட்டின் மகளிர் கழகம் 1973ஆம் ஆண்டு தோன்றியது; பெருங்கழகத்தோடு 2006ஆம் ஆண்டே இணைந்தது. சென்னையைச் சேர்ந்த திருசு காமினி 2013ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் நூறு ஓட்டங்கள் எடுத்து, அவ்வாறு எடுத்த முதல் இந்தியப் பெண்மணியானார். மறுஆண்டு மைசூரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 192 எடுத்தார். எனினும் அறுவடை முடிந்த வயலில் ஆடும் குழுக்களை நோக்கினால் சிறுமியரைக் காண்டல் இன்றும் அரிதே.

ஆத்திரேலியாவிலிருந்து திரும்பிய நடராசனைச் சின்னப்பம்பட்டி மக்கள் குதிரை பூட்டிய தேரில் ஏற்றி ஊர்வலமாக அழைத்துச் சென்றனர். தாம் ஈட்டிய பொருளில் அவர் முதலில் எண்ணியது ஊருக்கு ஒரு களம் அமைப்பதை. நிலம் வாங்கி, மண் நிரவி, புல் வளர்த்து, ஆடுகளங்களும் பயிற்சிக் களங்களும் உடற்பயிற்சிக் கூடமும் சிறு பார்வையாளர் மாடமும் அமைத்தார். 2023ஆம் ஆண்டு சூன் திங்களில் தினேசு கார்த்திக் அக்களத்தைத் திறந்துவைத்தார். தோற்பந்தைத் தொடுவதற்கு நடராசன் இருபது வயதுவரை காத்திருந்தார். அவ்வூர்ப் பிள்ளைகள் இப்போது பள்ளி முடிந்த மாலையிலேயே அதனைக் கையிலெடுக்கலாம்.